கலுங்கு எதற்கு

“அம்மா, இந்த ஊருக்குச் சொன்னாப் புரியாது” என்றார் பூவலிங்கம்.

மெய்யம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“யாருக்குப் புரியாது?”

“எல்லாருக்கும்தான். ஊர்ப் பெரியவர் அம்பலத்துல இருந்து ஆடு மேய்க்கிறவன் வரைக்கும்.”

“அத்தனை பேருக்குமா? அப்ப குறை ஒரே இடத்துலதான் இருக்கணும்.”

பூவலிங்கம் அதைக் காதில் வாங்கவில்லை. காதில் வாங்குவது அவர் வழக்கமும் இல்லை.

பூவலிங்கத்துக்கு அறுபத்திரண்டு வயது. முப்பது வருஷம் ஓவர்சீயராக இருந்து, ஜில்லாவில் இருக்கிற கண்மாய்களை எல்லாம் அளந்தவர். ஓய்வு பெற்றதும் ஞானம் தேடி இந்த மடத்துக்கு வந்து சேர்ந்தார். மடத்துத் தலைவி மெய்யம்மை அவரைவிட இருபது வயது இளையவர். முதலில் அது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. போகப் போகப் பழகிவிட்டது.

மடம் மேட்டில் இருந்தது. கீழே ஊர்க் கண்மாய். கண்மாய்க் கரையை ஒட்டிப் பள்ளத்தில் நூற்றுப்பத்து வீடுகள்.

கரையின் தெற்குக் கோடியில் கலுங்கு. கண்மாய் நிரம்பியதும் மிஞ்சுகிற தண்ணீர் வழிந்து போவதற்காக, கரையைவிடத் தாழ்வாகக் கட்டிய கல்சுவர் அது. அதன் மேல் ஊர்க்காரர்கள் மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். மூன்று வரிசை. வழிந்தோட வேண்டிய தண்ணீர் இரண்டு முழ உயரத்துக்குக் கண்மாய்க்குள்ளேயே நின்றது.

ஐப்பசி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. இன்னொரு பெருமழை பெய்தால் கரை நிற்காது. பூவலிங்கத்துக்கு அது தன் வீட்டு முகவரி மாதிரி நிச்சயமாகத் தெரியும். அந்த வீடுகளை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“நேத்துப் பொட்டல்ல கூட்டம் போட்டேம்மா. ஒன்றரை மணி நேரம் பேசினேன்.”

“எங்க ஆரம்பிச்சீங்க?”

“அந்தக் காலத்து ராஜாக்கள் கண்மாய் வெட்டினதுல இருந்து.”

“அப்புறம்?”

“நீரோட பெருமை. நம்ம முன்னோர்களோட அறிவு. அப்புறம் மண் வகைகள்.”

“கேட்டாங்களா?”

“ஒருத்தர்கூட எந்திரிச்சுப் போகலை! கை தட்டினாங்க. அம்பலம் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். ஒருத்தர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, இப்படி ஒரு பேச்சைக் கேட்டு எத்தனை வருஷமாச்சுன்னு கண் கலங்கிட்டார்.”

“மூட்டை?”

பூவலிங்கத்தின் குரல் இறங்கியது.

“நாலாவது வரிசை அடுக்குறாங்கம்மா.”

மெய்யம்மை ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

“எனக்குக் கலுங்கைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அது எதுக்குன்னு சொல்லுங்க.”

பூவலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஆதியிலே மனிதன் ஆற்றங்கரையிலேதான் குடியேறினான்…”

மெய்யம்மை கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போனார். அலசினார். அடுப்பில் ஏற்றினார். கொல்லைக்குப் போய் மாட்டை நிழலில் மாற்றிக் கட்டினார். திரும்பி வந்தார்.

“கலுங்குக்கு வந்துட்டோமா?”

“இதோ வந்துட்டேம்மா. மண்ணுல மூணாவது வகையில இருக்கேன்.”

“கீரை வெந்துருச்சு.”

பூவலிங்கத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று.

“சரி. சுருக்கமாச் சொல்லணும். அவ்வளவுதானே?”

“நான் அப்படிச் சொல்லலையே” என்றார் மெய்யம்மை.

ஆனால் பூவலிங்கம் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

மறுநாள் காலை டீக்கடைப் பலகையில் சாக்கட்டியால் ஒரே ஒரு வரி எழுதினார்.

‘உபரிநீர் வெளியேற்றம் தடைப்படுவதால் கரையின் உறுதித்தன்மைக்குக் குந்தகம் நேரும்.’

ஊரே வந்து படித்தது.

“ஓவர்சீயர் ஐயா கையெழுத்து அச்சுல வார்த்த மாதிரி இருக்கு” என்றார் டீக்கடைக்காரர். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். டீயைக் குடித்துவிட்டு மூட்டை தைக்கப் போனார்கள்.

பூவலிங்கம் மடத்துக்குத் திரும்பினார். கோபம் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தது.

“ஒரே வரிம்மா! இதுக்கு மேல எப்படிச் சுருக்குறது?”

மெய்யம்மை அந்த வரியைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார்.

“அவங்க எதுக்கு அடைச்சாங்க?”

“எதை?”

“கலுங்கை.”

“வேற எதுக்கு? பேராசை.”

“அவங்க சொன்னாங்களா?”

“இல்ல… நானா…”

“கேட்டீங்களா?”

பூவலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் பதில் சொல்லாமல் இருந்து மெய்யம்மை அன்றைக்குத்தான் பார்த்தார்.

“இன்னைக்குப் பொழுது சாயற வரைக்கும் அந்தத் தெருவுல இருந்துட்டு வாங்க. வாயை மட்டும் திறக்கக் கூடாது.”

“மழை வரப் போகுதும்மா! ஒரு நாளை வீணாக்கலாமா?”

“ரெண்டு நாள் பேசி வீணாக்கியாச்சு. ஒரு நாள் பேசாமயும் வீணாக்கிப் பாருங்க.”

பூவலிங்கம் போனார்.

கரைக்குக் கீழே முதல் வீடு பொன்னாத்தாளுடையது. நாற்பது வயதுக்காரி. ஒன்றரை ஏக்கர் வயலை ஒண்டியாகப் பார்க்கிறவள். வாசலில் உட்கார்ந்து கோணியைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்கய்யா. என்ன, பேச்சைக் காணோம்? தொண்டை கட்டிக்கிச்சா?”

பூவலிங்கம் வெறுமனே தலையசைத்தார்.

அவள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் இருப்பவர் பேசாவிட்டால் நம் ஊரில் யாராலும் சும்மா இருக்க முடியாது. அவளே ஆரம்பித்தாள்.

“முந்தாநாளு நல்லாப் பேசினீங்க ஐயா. ஒண்ணு காட்டுறேன் இருங்க.”

உள்ளே போய் ஒரு பிடி நெல் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“ஊதுங்க.”

ஊதினார். கை காலியாயிற்று. ஒரு மணி தங்கவில்லை.

“போன வருஷத்து வெள்ளாமை. அத்தனையும் பதரு. பதினஞ்சு நாள் ஐயா. இன்னும் பதினஞ்சு நாள் கண்மாயில தண்ணி கெடந்திருந்தா பால் பிடிச்சிருக்கும்.”

ஊசியில் நூலைக் கோத்தாள். முதல் தடவை கோக்க வரவில்லை.

“எம்மக பத்தாவதுல பள்ளிக்கூடத்துக்கே முதல் ஆளா வந்தவ. படிப்பை நிறுத்தி மில்லுக்கு அனுப்பிட்டேன். இந்த வருஷம் விளைஞ்சா கூட்டிக்கிட்டு வந்துருவேன்னு சொல்லியிருக்கேன். கலுங்குல தண்ணி ஓடுறதப் பாக்குறப்ப எல்லாம் அந்தப் புள்ள ஓடுற மாதிரியே இருக்குய்யா. அதான் அடைக்கிறோம்.”

பூவலிங்கத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேராசை என்று சொன்ன நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது. முப்பது வருஷம் ஆழம் அளந்திருக்கிறார், நீளம் அளந்திருக்கிறார். தண்ணீர் எத்தனை நாளைக்குக் காணும் என்று ஒருத்தரிடமும் கேட்டதில்லை.

பேச வேண்டும் போல வந்தது. வாக்குக் கொடுத்திருந்தார். எழுந்து கரையோடு நடந்தார்.

இதுவரை அவர் கரைக்கு மேலே நடந்தவர். அன்றைக்குக் கீழே நடந்தார், வீடுகள் இருக்கும் பக்கமாக. பொன்னாத்தாள் வீட்டுக்கு நேர் பின்னே, கரையின் அடியில் கால் புதைந்தது. குனிந்து தொட்டார். ஈரம்.

இன்னும் கொஞ்ச தூரத்தில் வயலுக்குத் தண்ணீர் விடும் மடை. அதன் பலகை இற்றுப்போய், யாருக்கும் பயன்படாமல் தண்ணீர் சதா ஒழுகிக்கொண்டிருந்தது. அங்கே வெகுநேரம் நின்றார். விரலை விட்டு எண்ணி, மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார்.

பொழுது சாய மடத்துக்கு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

“அம்மா, இப்பத் தெரிஞ்சுபோச்சு! எப்படிச் சொல்லணும்னு தெரிஞ்சுபோச்சு. சொல்றேன், கேளுங்க.”

மெய்யம்மை கையை உயர்த்தித் தடுத்தார்.

“என் வயல் அங்க இல்லை” என்றார். விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விடிந்தபோது கிழக்கே வானம் ஈயம் பூசின மாதிரி இருந்தது. முதல் தூறல் விழுந்தது. ஊர்க்காரர்கள் எல்லாரும் கலுங்குப் பக்கம் கூடியிருந்தார்கள். ஐந்தாவது வரிசைக்கு மூட்டைகள் தயாராக இருந்தன.

பூவலிங்கம் கரை மேல் ஏறவில்லை. கீழே, நேற்றுக் கால் புதைந்த இடத்தில் நின்று கூப்பிட்டார்.

“அம்பலம், கொஞ்சம் கீழ வாங்க.”

“பேச்சா ஐயா? மழைக்கு முந்தி இதை முடிச்சிடுறோம். சாயங்காலம் மைக் செட்டு வச்சே ஏற்பாடு பண்ணிடுவோம்.”

“பேச்சு இல்ல. வாங்க.”

அம்பலம் இறங்கி வந்தார். ஊர்ப் பெரியவர் இறங்கினால் மற்றவர்கள் மேலே நிற்பார்களா? பத்துப் பேர், இருபது பேர் என்று இறங்கினார்கள். பொன்னாத்தாளும் வந்தாள். கூட்டத்துக்குப் பின்னால் மெய்யம்மை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றதைப் பூவலிங்கம் கவனிக்கவில்லை.

“இங்க கையை வைங்க” என்றார் அவர்.

அம்பலம் கரையின் அடியில் கை வைத்தார். விரல் நாலும் உள்ளே போயின. எடுத்தார். போன இடத்தில் தண்ணீர் ஊறி நிறைந்தது.

“போன வாரம் இது காஞ்சு கெடந்துச்சே” என்றார் அம்பலம். அவர் குரலில் மைக் செட்டு இல்லை.

“உங்களுக்குப் பதினஞ்சு நாள் தண்ணி வேணும்” என்றார் பூவலிங்கம். “அதுக்குத்தான் மூட்டை அடுக்குறீங்க. அது எனக்கு நேத்துத்தான் தெரியும்.”

யாரும் கை தட்டவில்லை. எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

“கண்மாய் கொள்ளாத தண்ணி எப்படியும் வெளிய போகும். கலுங்கு வழியா விட்டா மிஞ்சினது மட்டும் போகும். விடலைன்னா இப்ப நீங்க கை வச்சீங்களே, இந்த வழியாப் போகும். இந்த வழியாப் போனா மொத்தமும் போகும். இந்த வீடுகளும் சேர்ந்து போகும். மூட்டை இருந்தா உங்களுக்குப் பதினஞ்சு நாள் தண்ணி இல்ல. ஒரு நாள் தண்ணிகூட இல்ல.”

அவ்வளவுதான் பேசினார்.

“அப்ப என் பதினஞ்சு நாளு?” என்று கேட்டாள் பொன்னாத்தாள்.

“மடைப் பலகை ஒழுகுது. இந்த மழை விட்டதும் புதுசு போட்டு அடைச்சா, பத்து நாள் தண்ணி மிஞ்சும்.”

“மிச்சம் அஞ்சு நாளைக்கு?”

பூவலிங்கம் வாயைத் திறந்தார். மேடையாக இருந்தால் அந்த ஐந்து நாளையும் அருமையாகப் பேசி நிரப்பியிருப்பார்.

“தெரியலம்மா” என்றார்.

அம்பலம் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு கரையைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

“எறக்குங்கப்பா மூட்டைய.”

“எறக்குன மூட்டைய இந்த ஈரத்து மேல அண்டக் குடுங்க. கரைக்குப் பலம்” என்றார் பூவலிங்கம்.

கூட்டம் கலைந்து ஓடியது. பேச்சு எப்படி இருந்தது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அவர் நின்றுகொண்டிருப்பதையே மறந்துவிட்டார்கள். கலுங்கின் மேல் மூட்டைகள் வரிசை வரிசையாகக் குறைந்தன. தண்ணீர் சுவர் தாண்டி வெள்ளையாக விழுந்தது. மழை வலுத்தது.

அப்போதுதான் வீரணன் வந்தான், தலையில் ஒரு மூட்டையோடு. கண்மாய்க்குக் கடைசியில் வயல் வைத்திருப்பவன். தண்ணீர் வற்றினால் முதலில் காய்வது அவன் வயல்தான்.

“எவன்டா மூட்டைய எறக்குனது? தண்ணி அம்புட்டும் போகுதுடா! நாங்க சாகவா?”

பூவலிங்கம் அவனை நோக்கி நடந்தார். வாயெடுப்பதற்குள் பொன்னாத்தாள் வழியை மறித்துவிட்டாள்.

“ஏண்டா, உலை பொங்குறப்ப நீ என்ன பண்ணுவே?”

“என்னக்கா இப்பப் போயி உலையும் கிலையும்?”

“சொல்லு. மூடிய அமுக்கிப் புடிப்பியா?”

“தள்ளி வைப்பேன்.”

“கஞ்சி கொஞ்சம் வழியுமே?”

“வழிஞ்சா வழியட்டும். சோறு…”

வீரணன் நிறுத்தினான். கலுங்கைப் பார்த்தான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கரையின் ஈரத்தில் வைத்தாள்.

அவன் கையை எடுக்காமல் அப்படியே நின்றான்.

“இந்த மூட்டைய எங்கக்கா போடணும்?”

“இங்கதான். நல்லா அமுக்கிப் போடு.”

பூவலிங்கம் திரும்பினார். பின்னால் மெய்யம்மை நிற்பதை அப்போதுதான் பார்த்தார். கிட்டே போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“அம்மா, அவ சொன்னது முழுக்கச் சரியில்லை. உலை பொங்குறது சூட்டுனால. இது மண்ணுக்குள்ள தண்ணி அழுத்துறதுனால. ரெண்டும் வேற வேற. கூப்பிட்டுத் திருத்திடட்டுமா?”

“மூட்டை எங்க போகுது?”

பூவலிங்கம் பார்த்தார்.

மூட்டை சரியான இடத்தில் கிடந்தது. வீரணன் அதற்குள் இன்னும் இரண்டு பேரை நிறுத்தி வைத்து, கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொன்னது உலை இல்லை, வேறு எதுவோ. அவர்கள் இருவரும் கலுங்கை நோக்கி ஓடினார்கள்.

பூவலிங்கம் நனைந்துகொண்டே நின்றார். சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் மீதி இல்லை.

“அப்ப எனக்கு இனிமே என்னம்மா வேலை?”

பக்கத்தில் மெய்யம்மையைக் காணவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கலுங்கடியில் ஒரு மூட்டையின் மேல் குனிந்திருந்தார்.

“அந்த முனையைப் பிடிங்க” என்றார்.