தலை தீபாவளிக்கு வாங்கிய ஜாக்கி

பாளையங்கோட்டையில் எஸ்தர் என்று ஒரு மெக்கானிக். சொந்தக் காரைத் தானே பழுது பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் கொட்டகையில் சொல்லிக்கொடுப்பார். வயது முப்பத்தைந்து இருக்கும். அவரிடம் படிக்க வந்தவர்களில் மூத்தவர் குலசேகரன். ரிட்டயரான பி.டி. வாத்தியார். ஊரில் பாதிப் பேரை வெயிலில் நிற்க வைத்தவர். தன்னைவிட இருபத்தைந்து வயது சின்னவரை டீச்சர் என்று கூப்பிட அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. குலசேகரன் தன் மருமகன் இசக்கிராஜாவையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். கல்யாணமாகி நாலு மாதம். தலை தீபாவளிக்கு வந்திருக்கிற புது மாப்பிள்ளை.

"டீச்சர், ஒரு ஜாக்கி வாங்கணும். ரெண்டு டன்னா, மூணு டன்னா? எது நல்லது?"

எஸ்தர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "என்ன வேலை சார்?"

"சைலன்ஸர் கடகடங்குது. முன்பக்கக் கிளாம்பு விட்டுப்போச்சு. வீட்லயே மாத்திருவோம்னு இருக்கேன்."

"கீழே யாரு போறா?"

"மாப்பிள்ளைதான். எனக்கு வயிறு இடிக்கும்லா."

எஸ்தர் இசக்கிராஜாவைப் பார்த்தார். செல்போன் கடையில் வேலை பார்க்கிற ஒல்லியான பையன். கார் டயருக்குக் காற்று அடிப்பதைக்கூடத் தள்ளி நின்றுதான் பார்ப்பான் போலிருந்தது.

"பயமா இருக்கா தம்பி?"

"மாமா இருக்காங்கள்லா, அக்கா" என்றான் தரையைப் பார்த்தபடி.

எஸ்தர் திரும்பி, மூலையில் கிடந்த ஸ்டெப்னியைக் காட்டினார்.

"சார், அதைக் கொஞ்சம் தூக்குங்க."

"இம்புட்டுதானா?"

குலசேகரன் குனிந்தார், ஒரே மூச்சில் நெஞ்சளவு தூக்கினார். இந்த வயதில் அது லேசான காரியமில்லை.

"அப்படியே இருங்க. டீ வருது."

டீ வந்தது. எஸ்தர் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு இன்னொன்றை இசக்கிராஜாவிடம் கொடுத்தார். எந்தப் போனில் சார்ஜ் நிற்கும் என்று அவனிடம் கேட்டார். அவன் விவரமாகச் சொன்னான். அவரும் விவரமாகக் கேட்டார்.

"டீச்சர், என் டீ ஆறுது."

"ஆறட்டும் சார். நல்லாத்தானே தூக்கியிருக்கீங்க."

குலசேகரனின் முழங்கை நடுங்கத் தொடங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. ஸ்டெப்னி நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது.

"தூக்கச் சொன்னீங்க, தூக்கினேன். தூக்கிக்கிட்டே நில்லுன்னா எப்படி?"

சொல்லிவிட்டு நேரே போய் இரும்பு டிரம்மின் மேல் அதை வைத்தார். டிரம் அசையவில்லை.

எஸ்தர் ஆறிய டீயை அவரிடம் நீட்டினார். "இப்ப கேளுங்க சார்."

குலசேகரன் குடித்தார். டிரம்மைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"ஜாக்கி கிடக்கட்டும். தூக்கின வண்டியைத் தாங்கி நிக்க எந்த ஸ்டாண்டு வாங்கணும்?"

"ஜாக்கி உங்க காருக்குக் கீழே நுழையுற மாதிரி தாழ்வா இருக்கணும். உங்க வண்டிக்கு ரெண்டு டன் போதும். ஸ்டாண்டு ஜோடியா இருக்கணும். கால் அகலமா இருக்கணும். மேல எவ்வளவு பாரம் வந்தாலும் பேசாம நிக்கணும்."

"பேசாம நிக்க வைக்கிறதா? சர்வீஸ் பூரா அதைத்தானே செஞ்சேன்!"

மறுநாள் காலையிலேயே போன் வந்தது. "டீச்சர், எல்லாம் ரெடி. வந்து ஒரு பார்வை பாத்திட்டுப் போங்க."

எஸ்தர் போனார். போர்டிகோவில் கார் நின்றது. கியரில் போட்டு, கைபிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்கு மரக்கட்டையால் அண்டை கொடுத்திருந்தார் குலசேகரன். எஸ்தர் தலையை ஆட்டினார். பாடம் கேட்டவர்தான். புது ஜாக்கி சிவப்பாக மினுங்கியது. சந்தனம், குங்குமம்கூட வைத்தாயிற்று.

உள்ளே முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அவர் மனைவி கோமதியம்மாளின் குரல் வாசல்வரை வந்தது.

"தலை தீபாவளிக்கு வந்த பிள்ளையப் பந்தியில உக்கார வைப்பாகன்னு கேள்விப்பட்டிருக்கேன். இவுக காருக்கு அடியில படுக்க வைக்காக!"

"நீ எண்ணெயப் பாரு" என்றார் குலசேகரன்.

இசக்கிராஜா சட்டையைக் கழற்றி, லுங்கியை மடித்துக் கட்டி, தரையில் சாக்கு விரித்துக்கொண்டிருந்தான்.

குலசேகரன் ஜாக்கியை உள்ளே தள்ளி, அதன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். "அட்டென்ஷன்! அசையக் கூடாது."

எஸ்தர் காலாலேயே அந்தக் கற்களை ஒதுக்கினார். "இப்ப அடிங்க."

குலசேகரன் கைப்பிடியை அடித்தார். கார் முகம் உயர்ந்தது. உயர உயர ஜாக்கி மெல்ல உள்ளே நகர்ந்தது.

"ஓடுதே டீச்சர்!"

"ஓடட்டும். தூக்குறப்ப அது நகரணும். நகர விடலேன்னா வண்டியைப் பிடிச்சு இழுக்கும்."

"அப்ப அட்டென்ஷன்ல யாருதான் நிக்கிறது?"

"ஸ்டாண்டு." எஸ்தர் சுற்றிலும் பார்த்தார். "எங்க சார் அது?"

குலசேகரன் மார்பை நிமிர்த்திக்கொண்டு கை காட்டினார். காருக்கு இரண்டு பக்கமும் ஹாலோ பிளாக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார். காம்பவுண்டுச் சுவர் கட்டும்போது மிஞ்சியவை.

"இதைவிட அகலமான கால் எந்தக் கடையில கிடைக்கும் சொல்லுங்க? ஜோடியும் இருக்கு. பேசவும் செய்யாது."

எஸ்தர் கற்களைச் சுற்றி வந்து பார்த்தார். "கற்களை உள்ளே தள்ளுங்க. கட்டையால தள்ளுங்க, கையை விடாதீங்க. தம்பி, நீங்க தள்ளியே நில்லுங்க. ம், இப்ப இறக்குங்க."

குலசேகரன் கைப்பிடியை மெல்லத் திருகினார். கார் இறங்கிக் கற்களின் மேல் உட்கார்ந்தது. நறநறவென்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான்.

"பாத்தீங்களா!"

"நிக்குது சார்."

இசக்கிராஜா கைக்கடிகாரத்தைக் கழற்றித் திண்டில் வைத்தான். சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் மாமா கண் எதிரே நிற்கிறாரே.

எஸ்தர் அவன் தோளில் கை வைத்து நிறுத்தினார்.

"எந்திரிங்க தம்பி. என் கொட்டகையில ஸ்டாண்டு வச்சவங்கதான் முதல்ல உள்ள போகணும். சார், வாங்க."

"எனக்குத்தான் வயிறு இடிக்குமே டீச்சர்."

"தலை மட்டும் போதும். தலைக்கு ஏது வயிறு?"

குலசேகரன் பலமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினார், மண்டியிட்டார், ஒரு கையைத் தரையில் ஊன்றினார். எஸ்தர் அவருக்கும் காருக்கும் நடுவே வந்து காலைக் குறுக்கே நீட்டி நின்றதை அவர் கவனிக்கவில்லை.

குனிந்து பார்த்தார்.

கற்கள் நின்றுகொண்டுதான் இருந்தன. ஒன்றின் அடியில் மாவு மாதிரி கொஞ்சம் தூள் உதிர்ந்திருந்தது. அதையும் தாண்டி அவர் கண் சாக்குக்குப் போனது. மாப்பிள்ளை அதன் ஒரு முனையைத் தலைக்கு வாகாக மடித்து, உயர்த்தி வைத்திருந்தான். மடிப்புக்கு நேர் மேலே இன்ஜின்.

குலசேகரன் அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே முறுக்கு எண்ணெயில் பொரிகிற சத்தம் கேட்டது. ஒரு ஈடு வெந்து, எடுத்து, அடுத்த ஈடு விழுந்தது.

தலையைக் கொடுக்காமலே எழுந்தார். முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, சட்டையைப் போடுங்க. ஜங்ஷன் வரைக்கும் போய் ஸ்டாண்டு வாங்கிட்டு வருவோம்."

"சரி மாமா."

நாலு மாதத்தில் இசக்கிராஜா அவ்வளவு சத்தமாகச் சரி சொன்னதில்லை.

எஸ்தர் அதற்குள் ஜாக்கியைத் திரும்ப அடித்துக் காரைக் கற்களிலிருந்து தூக்கிவிட்டார். கட்டையால் கற்களை வெளியே தள்ளி, காரைத் தரையிலேயே இறக்கினார். குலசேகரன் ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. வாத்தியார் ஆயிற்றே. நடந்து போய்த் தன் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை உள்ளங்கையால் படாரென்று ஒரு தட்டு தட்டினார்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இதே கல்லு, ஒரே லாரியில வந்த லோடு. எத்தனை மழை பாத்தாச்சு. இந்தச் சுவரு நிக்குதா, இல்லையா?"

"நிக்குது சார்" என்றார் எஸ்தர். "அதுக்கு அடியில நீங்க யாரையும் படுக்கச் சொல்லலியே."