பன்னிரண்டு நிமிட ஸ்பார்க் பிளக்

ஓசூர் சர்வீஸ் சென்டருக்குள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நுழைந்தார் மண்டல அதிகாரி சுதர்சன். ஸ்பார்க் பிளக் மாற்றப் பன்னிரண்டு நிமிடம் என்கிறது கம்பெனிப் புத்தகம். தாண்டியவனுக்கு வேலை இல்லை என்றார். காலையிலேயே இரண்டு பேரை வாசலுக்கு அனுப்பிவிட்டார். அடுத்தது மெக்கானிக் மாசிலாமணி.

அவன் முன்னால் ஒரு புது பைக் நின்றது. பழைய வண்டியில் குனிந்தாலே பிளக் தெரியும். இந்தப் புது வண்டியில் பாதியைக் கழற்றினால்தான் அது கண்ணில் படும். அவசரப்பட்டால் பிளாஸ்டிக் கிளிப் உடையும். அதற்கும் வேலை போகும்.

"என்னப்பா, ஏன் இன்னும் தொடங்கல?" என்றார் அதிகாரி.

"பயம்தான் சார். அந்தப் புத்தகம் எங்க கைக்கு வந்ததே இல்ல. ஒரு தடவை நீங்களே வாசிச்சுக் காட்டுங்க. கடிகாரம் ஓடட்டும். எத்தனை நிமிஷத்துல முடிக்கிறீங்களோ, அதுக்குள்ள நானும் முடிக்கிறேன்."

அதிகாரி சிரித்துக்கொண்டே தொடங்கினார். சீட்டைக் கழற்றுக. பக்க மூடிகளைக் கழற்றுக. எச்சரிக்கை. டேங்க்கைத் தூக்குக. மீண்டும் எச்சரிக்கை. இருநூற்றுப் பத்தாம் பக்கம் காண்க. அந்தப் பக்கத்தைத் தேடிப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"சார், பதினாலு நிமிஷம் ஆச்சு. நீங்க இன்னும் டேங்க்லயே நிக்கிறீங்க. ஸ்பேனரைத் தொடவே இல்ல. தாண்டினவங்க வெளிய போகணும்னா, இப்ப யாரு சார் போகணும்?"

பட்டறையே சிரித்தது. வாசலில் நின்ற இருவரையும் அதிகாரியே உள்ளே கூப்பிட்டார்.