தள்ளி நின்று எடுக்கும் லென்ஸ்

வெயில் அடிக்கும்போதே சாரலும் விழுகிற மாதம் அது. சுந்தரபாண்டியபுரத்துத் தோட்டங்களில் சூரியகாந்திப் பூக்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. மலை, மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது.

பூப் பார்க்க வருகிறவர்களை ஜெமிலா அங்கே படம் எடுத்துக் கொடுப்பாள். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. அவளிடம் தொழில் கற்க வந்த சண்முகக்கனிக்கு ஐம்பதுக்கு மேல். வெளிநாடு போன மகன் வைத்துவிட்டுப் போன கேமரா அவளிடம் இருந்தது. அதன் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது.

"டீச்சர், ஜூம் இல்லாத லென்ஸ்ல ஐம்பது எம்.எம். வாங்கவா, எண்பத்தஞ்சு எம்.எம். வாங்கவா? ஒருத்தன் வீடியோல இதுங்கான், இன்னொருத்தன் அதுங்கான். எனக்குத் தூக்கமே இல்ல."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு சொன்னாங்க?"

"எண்பத்தஞ்சுன்னா தள்ளி நின்னே முகத்தை எடுத்துரலாம். பின்னால இருக்கதெல்லாம் கரைஞ்சு போயிரும். ஆனா விலை கூட, கம்மலை அடகு வைக்கணும். ஐம்பது கையில இருக்க துட்டுக்கு வரும். கிட்டப் போவணும், அதான்."

"கிட்டப் போனா என்னக்கா?"

சண்முகக்கனி கேமராவின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல யாரை எடுக்கப் போறீங்க?"

"எங்க அக்காவ."

அக்கா முப்புடாதி, மகன் வீட்டோடு இருக்கப் புனேவுக்குப் போகிறாள். இனித் திரும்பி வருவது சந்தேகம். அம்மாவைக் கடைசியில் யார் பார்த்துக்கொண்டது என்று எழவு வீட்டில் பேச்சு வளர்ந்து, அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. ஒரு படமாவது இருக்கட்டும் என்று சண்முகக்கனி சொல்லி அனுப்பினாள். படத்துக்கு மட்டும்தான் வருவேன் என்று பதில் வந்தது.

"இன்னைக்கு வருவா. வராமலும் போவா. பஸ்ஸு வேற நேரத்துக்கு இல்ல."

முப்புடாதி வந்தாள். ஊதாச் சேலை. யாரையும் பார்க்காமல் நேரே போய்ப் பூக்களுக்கு முன்னால் நின்றாள்.

ஜெமிலா பையிலிருந்து எண்பத்தைந்தை எடுத்துக் கொடுத்தாள்.

சண்முகக்கனி வரப்போரமாகத் தள்ளி நின்றாள். காற்று இரைந்தது. முகத்தைத் திருப்பச் சொல்ல வேண்டும் என்றால் கத்த வேண்டும். அவள் கத்தவில்லை, கையைக் காட்டினாள். முப்புடாதி எங்கோ பார்த்தபடி திரும்பினாள்.

படத்தில் தோட்டம் முழுதும் மஞ்சள் புகையாகக் கரைந்திருந்தது. அதற்கு நடுவே அக்காவின் முகம், கனவில் வருகிற முகம் மாதிரி.

"இதுதான் டீச்சர். கம்மல் போனாப் போவுது."

"படத்துல அவங்க கண்ணைப் பெரிசாக்கிப் பாருங்க. என்ன தெரியுது?"

"மேகம் தெரியுது. மலை மாதிரி ஒரு கோடு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

ஜெமிலா லென்ஸைக் கழற்றி ஐம்பதை மாட்டினாள்.

சண்முகக்கனி அதே இடத்தில் நின்று பார்த்தாள். அக்கா ஒரு பூவின் அளவுக்குத் தெரிந்தாள்.

"டீச்சர், சின்னதா இருக்கா."

ஜெமிலா துணியால் மற்ற லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சண்முகக்கனி முன்னால் நடந்தாள். பார்த்தாள். இன்னும் நடந்தாள். ஈர மண் செருப்பை விடாமல் பிடித்தது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். பூக்கள் இரண்டு பக்கமும் விலகின. கேமராக் கட்டத்துக்குள் அக்காவின் முகம் மெல்ல மெல்லப் பெரிதாகியது. நரை தெரிந்தது. மூக்குத்தி தெரிந்தது.

அப்போது சாரல் இறங்கியது.

"சாரல் வருது பாரு," என்றாள் முப்புடாதி. "கேமரால தண்ணி படப்போவுது."

முந்தானையை விரித்து இருவர் தலைக்கும் மேலே பிடித்தாள். சேலைக்குள் ஊதா வெளிச்சம் நிறைந்தது. வெளியே தோட்டம் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

"மூக்குத்தி விழுமா படத்துல?"

"விழும்."

"அம்மாது."

"தெரியும்."

"பொறவு எடு. கை வலிக்கி."

சண்முகக்கனி எடுத்தாள்.

முப்புடாதி அடுத்து வந்த பஸ்ஸில் போகவில்லை, அதற்கடுத்த பஸ்ஸிலும் போகவில்லை. பம்பு செட்டுக் கொட்டகையில் இருவரும் பேசிக்கொண்டிருந்தது ஜெமிலாவுக்குக் கேட்டது. பாதிக்கு மேல் சண்டைதான். நடுவில் ஒருமுறை சிரிப்பும் கேட்டது.

அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த சண்முகக்கனி, படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"முடி கலைஞ்சு கெடக்கு. ஒரு கண்ணுதான் தெளிவா இருக்கு. முதப் படந்தான் அழகு, இல்லையா டீச்சர்?"

"ஆமாக்கா. அது அழகு."

"அப்ப எதை வாங்க?"

"இதுல கண்ணைப் பெரிசாக்குங்க."

பெரிதாக்கினாள். கருவிழிக்குள் ஒரு சின்னச் சேலைக் கூடாரம் இருந்தது. அதன் கீழே, கேமராவைத் தூக்கிப் பிடித்தபடி ஒருத்தி நின்றாள். காலில் செருப்பு இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

சண்முகக்கனி கம்மலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு மறுபடியும் கவலை வந்தது.

"அக்கான்னா சரி டீச்சர். சீசனுக்கு வாரவங்க யாரோ எவரோ. முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட இவ்வளவு பக்கத்துல போய் நின்னு என்னன்னு பேச?"

ஜெமிலா பையின் வாயை மூடினாள். மலை மறுபடி மறைந்திருந்தது.

"சாரல் வருது பாருங்கன்னு சொல்லுங்க."