காலைப் பாத்த வெள்ளச்சி

ஒரு ஊர்ல, இல்ல இல்ல, ஒரு புள்ளைக்குள்ள ஒரு ஊரு இருந்துச்சாம். புள்ளைக்குப் பேரு மருதாயி, ஊருக்குப் பேரு மேனியூரு. மருதாயிதான் அதுக்கு ராணி, ஆனா தனக்குள்ள ஊரு இருக்குன்னே அவளுக்குத் தெரியாது, அவ பாட்டுக்குத் தெருவுல பாண்டி ஆடிக்கிட்டுத் திரிவா.

ஊரைச் சுத்தித் தோலுதான் மதிலு. உள்ள வெள்ளை வேட்டி கட்டுன காவக்காரங்க. அதுல வீரணன்னு ஒருத்தன், அவனுக்குத் தங்கச்சி வெள்ளச்சி. அவளுக்கு ஓடவும் வராது, சண்டை போடவும் வராது, எதையாவது உத்துப் பாத்துக்கிட்டே நிப்பா. தண்டச்சோறுன்னு ஊரே கேலி பண்ணும். அண்ணன் மட்டும், என் தங்கச்சி ஒருக்கா பாத்தா மறக்க மாட்டான்னு பெருமையா சொல்லுவான்.

அப்போ ஒரு கள்ளன் வந்தான். மதிலை முட்டிப் பாத்தான், திறக்கல. மூக்கு வழியா நுழைஞ்சான், சளியில ஒட்டிக்கிட்டு ஒரே தும்மல்ல வெளிய போய் விழுந்தான். ஏய், போர்வையை இழுக்காம கேளு. மூணாவது தடவை, மருதாயி விழுந்து முட்டியைச் சிராய்ச்சுக்கிட்டா பாரு, மதிலு இடிஞ்சு போச்சு, அந்த வழியா வந்துட்டான்.

அந்த ஊருல உடுப்பைப் பாத்துத்தான் ஆளைச் சேப்பாங்க. கள்ளன் உள்ளூரு வேட்டி கட்டியிருந்தானா, நம்ம பயதான்னு விட்டுட்டாங்க. உள்ள போனவன் ஒண்ணு ரெண்டானான், ரெண்டு நாலானான், வீடு வீடாப் பூந்து சூறையாடுனான். அப்புறந்தான் ஊரு முழிச்சுது, கள்ளனை வேக வைக்க வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டுனாங்க. மருதாயிக்கு உடம்பு கொதிச்சுது. அவ அம்மா நெத்தியில ஈரத்துணியைப் போட்டுக்கிட்டு அழுதா. அடுப்பு இன்னும் எரிஞ்சா ராணி தாங்க மாட்டா, அணைச்சா கள்ளன் ஜெயிச்சுருவான்.

வீரணன் இடிஞ்ச மதிலுகிட்ட ஒரு கள்ளனைக் கட்டிப் புடிச்சுக்கிட்டான். உசுரு போறப்போகூடப் பிடியை விடல. தங்கச்சியைக் கூப்பிட்டான்.

"அழுவாத புள்ள. வேட்டியைப் பாக்காத, இவன் காலைப் பாரு. நல்லாப் பாத்துக்க."

வெள்ளச்சி பாத்தா. சுண்டுவிரலு உள்பக்கமா வளைஞ்சிருந்துச்சு. எல்லார் காலையும் பாருங்கன்னு ஊரு பூரா சொல்லி அனுப்புனா. வளைஞ்ச விரலுக்காரனையெல்லாம் புடிச்சு முடிச்சாங்க, அடுப்பு அணைஞ்சுது, மருதாயி கண்ணைத் தொறந்து கஞ்சி கேட்டா. வீரணனையும் அவனோட செத்தவங்களையும் அந்த மதிலுலயே அடக்கம் பண்ணாங்க.

ஒரே ஒரு கள்ளன் மட்டும் தப்பி ஓடியிருந்தான். ரொம்ப நாள் கழிச்சு மருதாயி மறுபடி விழுந்தா, அவன் மறுபடி வந்தான். இந்தத் தடவை காவக்காரன் உடுப்பு, முகத்துல வீரணன் சாயலு. வந்து, தங்கச்சி, அண்ணன் வந்துட்டேன்னான். ஊரே சந்தோஷமா வழி விட்டுச்சு. வெள்ளச்சிக்கு, அண்ணனாவே இருக்கக் கூடாதான்னு மனசு கெடந்து தவிச்சுது. ஆனா கண்ணு தன்னால காலுக்குப் போச்சு.

"இது எங்கண்ணன் காலு இல்ல," அப்படின்னா.

அவ்வளவுதான். ஊரைத் தின்ன வந்தவனைக் காவக்காரங்க தின்னுட்டாங்க. ஒரு அடுப்புகூட எரியல. மருதாயி முட்டியைத் துடைச்சுவிட்டுட்டு பாண்டியில அடுத்த கட்டத்துக்குத் தாவுனா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. வெள்ளச்சி மட்டும் மதிலுல சாஞ்சு அழுதா. அதுக்கப்புறம் அவளை யாரும் தண்டச்சோறுன்னு சொல்லல.

அதனாலதான் உன் முட்டியில காஞ்ச பக்கைப் பிய்க்காதங்கிறேன். அதுக்குள்ள வீரணன் படுத்திருக்கான். கையை எடு கண்ணு. மேனியூருல வெள்ளச்சி முழிச்சிருக்கா, நீ தூங்கு.