கை படாத ஜினியா

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த காலத்தில், மகரகேது என்று ஒரு ராஜா இருந்தார். கடல் தாண்டி வந்த வணிகன் ஒருவன் அவருக்கு ஒரு கைப்பிடி ஜினியா விதை கொடுத்தான். விதைத்த இடத்தில் சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூ வந்து நின்றதும் ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"நந்தவனத்தில் உள்ள இந்தப் பூவில் மனிதக் கை எதுவும் படக் கூடாது! பட்டால் நாடு கடத்துவேன்!" என்று ஆணை போட்டார். வெயில் படாமலிருக்கப் பட்டுப் பந்தல் போடச் சொன்னார். காலையும் மாலையும் இலை நனைய நனையப் பன்னீர் தெளிக்கச் சொன்னார். பாவம், ஆசைதான்!

செடி என்ன செய்யும்? நிழலில் வெளுத்தது. இலையில் சாம்பல் பூத்தது. பறிக்காத பூவெல்லாம் காய்ந்து விதையாகி நிற்க, புது மொட்டே வரவில்லை. ராணியின் பிறந்தநாளோ வரும் பௌர்ணமியன்று. ராஜா நந்தவன அதிகாரி திரிலோகரைக் கூப்பிட்டுக் குதித்தார்.

திரிலோகருக்குச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பழியை யார் தலையில் கட்டலாம் என்பது நன்றாகத் தெரியும். அரசவை விகடகவி கொன்றைநாதனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

"மகாராஜா, கொன்றைநாதன் வீட்டு வாசலில் இதே செடி பூத்துக் குலுங்குகிறது. வணிகன் சிந்திய விதையைப் பொறுக்கிப் போட்டாராம். அவரிடமே ஒப்படையுங்கள். பௌர்ணமிக்குள் நந்தவனம் நிறையப் பூக்க வேண்டும். ஆனால் தங்கள் ஆணைப்படி கை மட்டும் படக் கூடாது" என்றார்.

"பேஷ்! கொன்றைநாதா, பூக்காவிட்டால் மறுநாள் நீ நாட்டில் இருக்கக் கூடாது" என்றார் ராஜா.

"சித்தம் மகாராஜா" என்று வணங்கிவிட்டு வந்த கொன்றைநாதன் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். மனைவி அமிர்தவல்லி பிடித்துக்கொண்டாள்.

"நாட்டை விட்டுப் போறதா? எங்க அம்மா வீட்டுலேர்ந்து அம்மிக்கல்லை இப்பத்தானே கொண்டாந்து போட்டிருக்கேன்! அதை யாரு தூக்கிட்டு வர்றது, உங்க ராஜாவா?"

"அடி, அதுக்கில்லை. நம்ம வீட்டுச் செடி ஏன் பூக்குது? நீ தினமும் பறிச்சுப் பறிச்சுச் செம்பில வைக்கிறே. வெட்ட வெட்டத்தான் அது கிளைவிட்டுப் பூக்குது. அங்கே கையே படக் கூடாதாம்!"

"கை படாம கிள்ளணும்னா வாயாலதான் கடிக்கணும். போங்க, போய்க் கடிங்க!" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். கொன்றைநாதன் அப்படியே எழுந்து ஒரு சுற்று ஆடினார்.

மறுநாளே பட்டுப் பந்தலைப் பிரித்தார். பன்னீர்க் குடத்தை அனுப்பிவிட்டு, வேரடியில் மட்டும் தண்ணீர் விடச் செய்தார். பாத்தியின் இரு பக்கமும் இடுப்பளவுக்கு நெருக்கமான மூங்கில் தட்டி கட்டினார். பிறகு, திரிலோகர் மரத்தின் பின்னால் நின்று ஒட்டுக் கேட்பது தெரிந்தே, காவல்காரனிடம் புலம்பத் தொடங்கினார்.

"அய்யய்யோ காவல்காரரே! யார் வேண்டுமானாலும் வரட்டும், ஆடு மட்டும் இந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது! வந்தால் நான் தொலைந்தேன்!"

"ஆடு எங்கேர்ந்து சாமி வரப்போவுது?" என்றான் காவல்காரன்.

வந்தது. அன்று மத்தியானமே வந்தது. திரிலோகர் வீட்டில் அகத்திக்கீரை தின்று கொழுத்த இரண்டு கிடாய்கள், கழுத்து மணி கிணுகிணுக்க, நந்தவனத்தின் பின்வாசல் வழியாக நுழைந்தன. தட்டிக்கு மேலே கழுத்தை நீட்டின. எட்டியது நுனி மட்டும்தான். காய்ந்த பூ, விதை, கொழுந்து என்று வரிசையாகக் கொறித்துக்கொண்டே போயின. கொன்றைநாதன் ஓரமாக உட்கார்ந்து ஓலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். நுனி தீர்ந்ததும் கிடாய்களுக்கு ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்து வழியனுப்பி வைத்தார்.

திரிலோகர் ராஜாவை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். "பாருங்கள் மகாராஜா! மொட்டை! முழு மொட்டை!"

ராஜாவுக்குக் கண் சிவந்தது. "என்ன இது?"

"பௌர்ணமி இன்னும் வரவில்லையே மகாராஜா" என்றார் கொன்றைநாதன். சொல்லிக்கொண்டே இரண்டடி பின்னால் நகர்ந்தார். அவருக்கும் பயம் இருக்காதா?

திரிலோகர் அன்று மாலையே கொன்றைநாதன் வீட்டுக்குப் புளியோதரைப் பொட்டலம் அனுப்பினார், வழிப்பயணத்துக்காம். அமிர்தவல்லி அதைச் சூடாகச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி" என்று சொல்லி அனுப்பினாள்.

ஆனால் செடி சும்மா இருக்கவில்லை. கொறித்த இடத்திலெல்லாம் இரண்டு இரண்டாகக் கிளை விட்டது. வெயில் குடித்தது, புதராகத் தழைத்தது. பௌர்ணமியன்று ராஜாவும் ராணியும் வந்து பார்த்தபோது நந்தவனத்தில் இலையே தெரியவில்லை. அத்தனை பூ! அதன்மேல் அத்தனை பட்டாம்பூச்சி! ராணி சின்னப் பெண்ணாகக் கை தட்டிச் சிரித்தாள்.

ராஜா புருவத்தைத் தூக்கினார். "கொன்றைநாதா, உண்மையைச் சொல். உன் கை பட்டதா?"

"சத்தியமாக இல்லை மகாராஜா. நுனி கிள்ளி விட்டது வேறு இரண்டு பேர். அவர்கள் கிள்ளியதால்தான் இத்தனை பூவும்."

"யார் அந்த நிபுணர்கள்? இதோ பரிசு!" என்று ராஜா கழுத்து முத்துமாலையைக் கழற்றினார்.

"திரிலோகர் வீட்டிலிருந்து வந்தவர்கள் மகாராஜா."

முத்து பளபளத்தது. திரிலோகருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. யோசிக்காமல் முன்னால் பாய்ந்தார். "ஆமாம் மகாராஜா! அடியேன்தான் அனுப்பினேன்! அடியேனே பின்வாசலைத் திறந்துவிட்டேன்!"

"ஆஹா! அழைத்து வாரும் அவர்களை!"

அப்போதுதான் திரிலோகருக்கு உறைத்தது. கொன்றைநாதன் சீட்டி அடித்தார். மணி கிணுகிணுக்க, வாழைப்பழ ருசி கண்ட இரண்டு கிடாய்களும் பின்வாசல் வழியாக ஓடி ராஜாவின் முன்னால் வந்து நின்று "மே" என்றன.

"ஆணையை மீறி இவர்கள் கை..." என்று ராஜா தொடங்கினார்.

"கையா? நன்றாகப் பாருங்கள் மகாராஜா. நாலும் காலாகத்தான் இருக்கிறது" என்றார் கொன்றைநாதன்.

ராஜாவுக்குச் சிரிப்பு வெடித்தது. ராணி சிரித்தாள், காவல்காரன் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு முத்துமாலையைக் கொன்றைநாதன் கழுத்தில் போட்டார். "நந்தவனம் இனி உன் பொறுப்பு. வேறென்ன வேண்டும், கேள்!"

"அந்த ஆணையை எடுத்துவிடுங்கள் மகாராஜா. இந்தப் பூ பறிக்கத்தான் பூக்கிறது."

"எடுத்தேன்!"

ராணி எட்டி முதல் பூவைக் கிள்ளினாள். "ஐயோ, கை!" என்று பழக்கதோஷத்தில் அலறினார் ராஜா. பிறகு தன்னையே நினைத்து இன்னும் பெரிதாகச் சிரித்தார். கிடாய்களுக்கு ஜினியா மாலை கட்டிப் போட்டு, ஊர்வலமாக வீடு கொண்டுபோய்ச் சேர்க்கும் கௌரவத்தைத் திரிலோகருக்கே கொடுத்தார். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைத்தெரு முனையைத் தாண்டுவதற்குள் ஒன்றின் மாலையை மற்றொன்று தின்று முடித்திருந்தது.