பதக்கக் கோட்டுக்கு வந்த சாட்சி

கொடுவாப்பட்டி ஜமீன்தார் பட்டாசுச் சத்தத்துக்கே கட்டிலுக்கடியில் நுழைகிறவர். ஆனால் போர்ப் பதக்கம் என்றால் அவருக்கு உசிரு. எங்கெங்கோ நடந்த சண்டைகளின் ஞாபகப் பதக்கங்களை ஏலத்தில் எடுத்துக் கோட்டு நிறையக் குத்திக்கொள்வார். எல்லாம் தான் சண்டை போட்டு வாங்கியது என்று அளப்பார்.

ஒருநாள் விருந்துக்கு வந்த கர்னல், "சாட்சி உண்டா?" என்று கேட்டுவிட்டார்.

ஜமீன்தார் தன் துணி வெளுக்கும் சொக்கத்தாயைத் தனியே கூப்பிட்டார். "கோட்டுல ரத்தக்கறை பார்த்தேன்னு சொல்லு. இல்லேன்னா நாளையிலிருந்து நீ ஆத்துத் துறையில கால் வைக்க முடியாது."

சொக்கத்தாய் சபைக்கு வந்து கும்பிட்டாள். "பார்த்தேனுங்க. ஒவ்வொரு சண்டைக்கும் கோட்டுல அப்படி ரத்தம். கசக்கிக் கசக்கி என் கையே தேஞ்சுபோச்சு."

ஜமீன்தார் மீசையை முறுக்கினார்.

"ஆனா முன்பக்கம் ஒரு சொட்டு இல்லீங்க. அத்தனையும் முதுகுப் பக்கம்."

சபை கொல்லென்று சிரித்தது. போர்க்களத்தில் முதுகு காட்டி ஓடினவன் என்ற பெயரா! ஜமீன்தார் துள்ளி எழுந்தார். "பொய்! நான் எந்தச் சண்டைக்குமே போனதில்லை!"

"நானும் அதைச் சொல்லத்தானுங்க நினைச்சேன்," என்றாள் சொக்கத்தாய். "எசமான்தான் விடலை."