புரிஞ்சுதா?

பேராசிரியர் ஆளவந்தார் இங்கிலீஷ் பாடம் எடுத்தால் அடைமழைதான். வெளிநாட்டு மாணவர்கள் ஒன்றும் புரியாமல் நனைவார்கள், "புரிஞ்சுதா?" என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். பரீட்சையில் அத்தனை பேரும் பெயில்.

"பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிட்டு, இப்போ புரியலையாம்! எல்லாரும் இன்னொரு வருஷம் படிங்க!" என்று, விசாரிக்க வந்த துறைத்தலைவரின் எதிரிலேயே ஆளவந்தார் கத்தினார்.

எத்தியோப்பியாவிலிருந்து வந்த மெக்தெஸ் எழுந்தாள். தன் தாய்மொழியில் மளமளவென்று ஏதோ சொல்லிவிட்டு, பணிவாகச் சிரித்து, அவர் முகத்தையே பார்த்தாள். கௌரவத்தை விடாமல் ஆளவந்தார் தலையாட்டினார்.

"ரொம்ப நன்றி சார்!"

"எதுக்கும்மா?"

"அடுத்த வாரமே மறுதேர்வு வைப்பீங்களான்னு கேட்டேன். தலையாட்டிட்டீங்களே!"

துறைத்தலைவர் சிரித்துக்கொண்டே தேதி குறித்தார். "புரிஞ்சுதா சார்?" என்று கேட்டார்.

ஆளவந்தாரின் தலை அசையவே இல்லை.